சும்மா இருந்த கால்

என் செல்லத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். மாசமாக இருக்கிறவள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலியோடு நான் வரவேண்டாம், வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, பிரசவத்துக்கு ஆள் வைத்துக்கொள்கிறோம் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே தையல் கடையைச் சாத்திவிட்டு பிசியோதெரபி பார்க்கிற அம்மாவிடம் போனேன்.

அங்கே நடந்த வேடிக்கையைக் கேள். மிஷின் மிதித்து மிதித்து முட்டி தேய்ந்துவிட்டது என்றுதானே ஊரெல்லாம் புலம்பினேன்? எந்தக் காலால் மிதிக்கிறீர்கள் என்று அந்தம்மா கேட்டார். வலது கால் என்றேன். வலிக்கிற கால் எது என்றார். இடது. சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. மிதிக்காத கால் ஏனடி வலிக்க வேண்டும்?

உடனே டேப்பை எடுத்து இரண்டு தொடையையும் அளந்தார். அவர் டேப் பிடித்த அழகைப் பார்க்கப் பொறுக்காமல் நானே வாங்கி அளந்தேன். அட, இடது தொடை நன்றாக இளைத்துக் கிடக்கிறது! ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவளுக்குத் தன் கால் தெரியவில்லை பார். தைக்கும்போது இடது காலை ஸ்டூலுக்கு அடியில் மடக்கிக்கொள்வேனே, வேலையில்லாமல் தசை சோர்ந்துபோய், நடக்கும்போது பாரமெல்லாம் முட்டியில் இறங்குகிறதாம்.

காலை நீட்டி, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தச் சொன்னார். முதலில் பல்லைக் கடித்ததுதான் மிச்சம், தசை அசையவே இல்லை. தினமும் செய்து செய்து இப்போது தொடையில் கை வைத்தால் எலிக்குஞ்சு மாதிரி துள்ளுகிறது! அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுதான் என் பொழுதுபோக்கு. உன் அத்தான் சிரிக்கிறார். ஒருநாள் கடையில் துண்டு அகப்படாமல் யாருடைய கல்யாணத் துணியையோ சுருட்டி வைத்து, அது கசங்கிப்போய், துணி கொடுத்தவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நேற்று அந்தம்மா என்னைப் படி ஏற விட்டார். பாதியில் நின்றுவிட்டேன், உன்னிடம் மறைப்பானேன்? பிறகு கைப்பிடியைப் பிடித்து மிச்சத்தையும் ஏறினேன். பிரசவத்துக்குள் சரியாகுமா என்று கேட்டேன். உறுதி சொல்ல முடியாது, விடாமல் செய்தால் மெதுவாக ஏறலாம் என்றார். ஏறவே முடியாது என்று சொல்லவில்லையே.

நம் அம்மா இருந்திருந்தால் உன்னைக் கேட்டுக்கொண்டா கிளம்பியிருப்பாள்? அவள் இடத்துக்குச் சம்பளம் பேசி ஆள் தேடாதே, கண்ணு. நீயும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையிடம் சொல்லி ஒவ்வொரு மாடிப்படித் திருப்பத்திலும் ஒரு நாற்காலி போட்டு வை. உட்கார்ந்து உட்கார்ந்தாவது வந்து சேர்ந்துவிடுவேன்.

புறப்படத் தயாராக இருக்கும்
உன் அக்கா