பூட்டு விழுவதற்கு முன்

திங்கள், ஒக்டோபர் 9

விடிந்ததிலிருந்து மழை. கொட்டாஞ்சேனைச் சந்தியில் முக்கால் மணி நேரம் பஸ் இல்லை. பதிவாளர் கந்தோருக்குப் போய்ச் சேர 8.50. வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு. சேலைக் கரை முழுக்கச் சேறு.

கணினிகளுக்குப் பொறுப்பு நான் என்பதால் மென்பொருள் கம்பனியின் கடிதம் என் மேசையில். பிறப்புச் சான்றிதழ் அச்சடிக்கும் மென்பொருளின் அனுமதி இம்மாதம் 31உடன் முடிகிறதாம். புதுப்பிக்காவிட்டால் 1ஆம் திகதி காலை எட்டு மணிக்கு எல்லாக் கணினியிலும் தானாகப் பூட்டு விழுமாம். கீழே அழகான கையெழுத்து.

நாலு தடவை வாசித்தேன். பதிவுகள் சனத்தினுடையவை. திறக்கும் சாவி மட்டும் கம்பனியின் சட்டைப்பையில்.

பதினொரு மணிக்கு கிராண்ட்பாஸிலிருந்து புவனேஸ்வரி என்று ஒரு அம்மா. போன மாதம் நாங்கள் கொடுத்த சான்றிதழ் கையில், மகனுடையது. மகனின் தமிழ்ப் பெயரில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து மறுபக்கம், நடுவில் புள்ளிபுள்ளியாக ஒரு வட்டம். புதிய பிரின்டர் வந்த நாளிலிருந்து எங்கள் மென்பொருள் தமிழை இப்படித்தான் உடைக்கிறது. மகன் புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலை. சோதனைச்சாவடியில் இந்தத் தாளைக் காட்டியிருக்கிறார்.

“கள்ளச் சேர்ட்டிபிக்கேட் எண்டு சொல்லிப் பிள்ளையை ரெண்டு நாள் வைச்சிருந்திட்டுத்தான் விட்டவங்கள், மிஸ். அவங்களைச் சொல்லி என்ன? இதைப் பார்த்தா எனக்கே கள்ளம் மாதிரித்தான் கிடக்கு.”

கம்பனிக்குப் போன் எடுத்தேன். “அடுத்த பதிப்பில் பார்க்கலாம், மெடம்.” மூன்று வருடமாக அடுத்த பதிப்பு. உள்ளே இருப்பதைக் காட்டுங்கள், நாங்களே திருத்துகிறோம் என்றேன். கம்பனிக்காரர் சிரித்தார். “அது எங்கள் சொத்து, மெடம்.”

பெயரைப் பேனாவால் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன். அந்த அம்மா நன்றி சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

செவ்வாய், ஒக்டோபர் 10

வெயில். குடையை பஸ்ஸில் விட்டாயிற்று.

முடிவு எடுத்துவிட்டேன். கம்பனி மென்பொருள் வேண்டாம். லினக்ஸ் போடுவது. யாரும் இலவசமாகப் போடலாம், யாரும் உள்ளே திறந்து பார்க்கலாம், பிழை இருந்தால் நாமே திருத்தலாம். பூட்டே கிடையாது.

தொழில்நுட்ப உதவியாளர் நிஹாலிடம் சொன்னேன். எங்கள் பேச்செல்லாம் சிங்களத்தில்தான். “பிஸ்சுத, மிஸ்?” என்றார். பைத்தியமா என்று கேட்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரே ஒரு சீடியோடு வந்து நின்றார். வீட்டில் ஒரு வருடமாக அதைத்தான் பாவிக்கிறாராம். ஒருவருக்கும் சொல்லவில்லையாம். கள்ளன்.

பணிப்பாளரிடம் (இனி ப.) கேட்டேன். ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கிறது, எதிலும் மாட்ட விருப்பமில்லை. பைலிலிருந்து தலை எடுக்காமல், “ஒரு பழைய மெஷினில் பாருங்கள், பாருங்கள்.” போதும்.

செய்ய வேண்டியவை:
— பழைய பதிவுகளை வெளியே எடுத்தல். எடுக்கலாம், ஆனால் எழுத்தெல்லாம் கிறுக்கல்.
— எந்தக் கிறுக்கல் எந்த எழுத்து என்று அட்டவணை. தமிழ் நான், சிங்களம் நிஹால்.
— படிவம். அச்சு.
— வீட்டுக்கு மீன். (மறந்துபோனேன்.)

வெள்ளி, ஒக்டோபர் 13

இன்று நடந்ததை மறக்கக் கூடாது. அதற்காகவே எழுதுகிறேன்.

மூன்று நாளாக ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, கம்பனி மென்பொருள் அதை எந்த இலக்கமாகச் சேமிக்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். பதினான்கு பக்கம். வீட்டில் சரிபார்க்கலாம் என்று பையில் போட்டேன். துறைமுகப் பக்கம் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். பொலிஸ்காரி பையைத் திறந்தாள். சீடி மூன்று. அதற்குக் கீழே பக்கம் பக்கமாக இலக்கமும் தமிழெழுத்தும்.

“மே மொனவாத?” இது என்ன?

எழுத்து அட்டவணை என்றேன். அரச உத்தியோக அட்டையைக் காட்டினேன். மற்றவர்கள் பஸ்ஸில் ஏறிப் போனார்கள். நான் மண்மூட்டைக்குப் பக்கத்தில். ஓர் அதிகாரி வந்து தாள்களைப் புரட்டினார்.

“இரகசியக் குறியீடு?”

“இரகசியத்தை உடைக்கிற குறியீடு, சேர். இது அ. இது ஆ. சின்னப் பிள்ளைகள் படிப்பது.”

வாய் அடங்கவில்லை. அடக்கியிருக்க வேண்டுமோ? அவர் கந்தோருக்குப் போன் எடுத்தார். ப. பேசியது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது: எங்கள் உத்தியோகத்தர்தான், ஆனால் அந்தத் தாள்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

ஒன்றரை மணி நேரம். பிறகு நிஹால் மோட்டார் சைக்கிளில் வந்தார், தன் சிங்கள அட்டவணையோடு. இதுவும் அதுவும் ஒன்றுதான், என்னையும் பிடியுங்கள் என்றார். அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “உங்களுக்கெல்லாம் வேறு வேலை இல்லையா?” போகச் சொன்னார். என் பதினான்கு பக்கமும் சீடிகளும் அங்கேயே.

வீட்டில் என் கணவர் அன்ரன் வாசலில் நின்றார். துறைமுகத்தில் கிளார்க் வேலை, இருபது வருடம் ஒருவரோடும் சத்தம் போட்டுப் பேசாத மனிசன்.

“உமக்கேன் இந்த வேலை? தமிழ் ஆக்கள் தலையைக் குனிஞ்சுகொண்டு போற காலமெல்லே இது.”

“குனிஞ்சு குனிஞ்சு கழுத்து நோகுது.”

அவர் உள்ளே போனார். தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

ஞாயிறு, ஒக்டோபர் 15

பூசை. பாதிரியாரின் பிரசங்கத்தில் மனம் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து அட்டவணையை நினைவிலிருந்து எழுதத் தொடங்கினேன். ஐந்து மணிக்குள் பன்னிரண்டு பக்கம். ஆச்சரியம். தாளை எடுத்தவர்கள் தலையை எடுக்கவில்லை.

“ஞௌ” மட்டும் ஞாபகமில்லை. அந்த எழுத்தில் ஒரு மனிதனுக்கும் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

திங்கள், ஒக்டோபர் 16

கம்பனிக்காரர் நேரில். நீல டை, கேக் பெட்டி. ப.வின் அறைக்கதவு அரை மணி நேரம் சாத்தியபடி. கதவுப் பக்கம் மேசை போட்டிருக்கும் மாலனி (3ஆம் கவுண்டர், எங்களில் மூத்தவர்) எல்லாம் கேட்டுவிட்டு வந்து, சொல்லலாமா விடலாமா என்று தவித்து, சொன்னார்:

“யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கிற மென்பொருள், நாடு இருக்கிற நிலையில் அதை யாருடைய கையில் கொடுக்கிறீர்கள் என்று யோசியுங்கள் என்றான், மிஸ். உங்கள் பெயரைச் சொல்லவில்லை.”

சொல்லத் தேவை இல்லையே.

மூன்று மணிக்கு ப. கூப்பிட்டார். பிரதான கணினியின் கடவுச்சொல்லை இப்போதைக்குத் தன்னிடம் கொடுத்துவிட வேண்டுமாம்.

“எழுத்தில் தாருங்கள், சேர். காரணத்தையும் போட்டு.”

அவர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். யன்னலைப் பார்த்தார். மூடியைப் போட்டார். “சரி, பிறகு பார்ப்போம்.”

வெளியே வந்தேன். கேக் எல்லாருக்கும் பங்கிட்டார்கள். நான் தொடவில்லை. நல்ல வாசம் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

வியாழன், ஒக்டோபர் 19

புதுப்பிப்பதா, மாற்றுவதா என்று முடிவெடுக்க இன்று கூட்டம். ப., கம்பனிக்காரர், அமைச்சிலிருந்து ஒரு பெரியவர், நிஹால், நான். தட்டச்சுச் செய்து காட்ட மாலனி. மாலனிக்கு லினக்ஸ் பிடிக்கவே இல்லை, பழைய மெஷினில் நாங்கள் அதைப் போட்ட நாளிலிருந்து “அந்தப் பொத்தான் எங்கே, இந்தப் பொத்தான் எங்கே” என்று சண்டை. வேறு ஆள் இல்லாததால் கூட்டிப்போனேன்.

கம்பனிக்காரர் தொடங்கினார். யுத்த காலத்தில் அரசாங்கத்தின் வாசலைத் திறந்து வைப்பதா? உள்ளே யார் எதை எழுதி வைப்பார்கள்? கேட்டுவிட்டு என்னை மட்டும் பார்த்தார்.

எழுந்தேன். தயாரித்துக்கொண்டு போனது வேறு, வாயில் வந்தது வேறு. சிங்களத்தில்தான் சொன்னேன்:

“சேர், உங்கள் மென்பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று இந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது, பணிப்பாளருக்கும் தெரியாது, அமைச்சுக்கும் தெரியாது. இது அப்படி இல்லை. இந்தா, திறந்தே இருக்கிறது. நீங்களே பாருங்கள், இப்போதே. தமிழச்சி எதையாவது ஒளித்து வைத்திருந்தால் எல்லாருக்கும் முன்னால் எடுத்துக் காட்டுங்கள்.”

அவர் திரைக்குக் கிட்ட வரவில்லை.

அமைச்சுப் பெரியவர், “அச்சடித்துக் காட்டுங்கள்” என்றார். நான் தமிழ்ப் பெயர் ஒன்று சொல்ல வாயெடுத்தேன். மாலனி முந்திவிட்டார். தன் தாயின் பெயர், ஸ்ரீயாவதி, சிங்களத்தில். முதலில் கம்பனி மென்பொருளில் அடித்தார். “ஸ்ரீ” மூன்று துண்டாக வந்தது. பிறகு எங்களுடையதில். முழுதாக வந்தது. இரண்டு தாளையும் பெரியவரின் முன்னால் வைத்தார்.

“மூன்று வருஷமாக, சேர், வெள்ளை மை பூசிப் பூசிப் பேனாவால் எழுதுகிறேன். சனம் என்னைத்தான் ஏசுகிறது. இந்தப் புதிய சனியனில் பொத்தான் ஒன்றும் இருந்த இடத்தில் இல்லை. ஆனால் என் அம்மாவின் பெயர் இருக்கிறது.”

பெரியவர் இரண்டு தாளையும் மடித்துத் தன் பைலுக்குள் வைத்தார். முடிவு: 3ஆம் கவுண்டரில் மட்டும் பரீட்சார்த்தமாகப் பாவிக்கலாம். கம்பனிக்குப் புதுப்பிப்பு, அமைச்சு முடிவு சொல்லும்வரை இல்லை. புதிய முறைக்குப் பொறுப்பு நிஹால். நான் இல்லை.

நிஹாலுக்கு முகம் சிவந்துவிட்டது. “நான் கையெழுத்துப் போட மாட்டேன், மிஸ்.” போடுங்கள் என்றேன். வேலை நடக்கட்டும். கோபம் என்னோடு இருக்கட்டும்.

வெள்ளி, ஒக்டோபர் 27

மழை. நுளம்புக்கடி.

3ஆம் கவுண்டர் ஒரு கிழமையாக ஓடுகிறது. வரிசையில் நிற்கும் சனத்துக்கும் விளங்கிவிட்டது. “மூண்டிலை எடுங்கோ, அதுதான் ஒழுங்கா வருது” என்று ஒரு ஐயா பின்னால் நின்றவரிடம் சொன்னார். தமிழில், சத்தமாக, கந்தோருக்குள். எவ்வளவு நாளைக்குப் பிறகு.

மூன்றரைக்கு எனக்குக் கடிதம். சேவையின் தேவை கருதி நவம்பர் 1 முதல் களஞ்சியக் கிளைக்கு இடமாற்றம். பழைய மேசை, பழைய பைல், கணினி ஒன்றுகூட இல்லாத இடம்.

ப. நிமிரவே இல்லை. “மேலேயிருந்து வந்தது, மிஸ். நான் என்ன செய்ய?”

“எழுத்தில் தந்ததற்கு நன்றி, சேர்.”

கழிவறையில் போய் அழுதேன். இரண்டு நிமிடம். முகம் கழுவினேன்.

அன்ரனிடம் கடிதத்தை நீட்டினேன். சொன்னேனே என்பார் என்று காத்திருந்தேன். இரண்டு தரம் வாசித்தார்.

“ஒண்டாம் திகதி எண்டுதானே போட்டிருக்கு. இன்னும் ரெண்டு வேலை நாள் கிடக்கு. லீவைக் கீவைப் போட்டிட்டுப் படுத்திடாதேயும். போய் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்திட்டு வாரும்.”

பதினேழு வருடக் கலியாணத்தில் இப்படி ஒன்றை இவர் சொன்னதில்லை.

செவ்வாய், ஒக்டோபர் 31

சனி, ஞாயிறு இரண்டு நாளும் இருந்து எழுதினேன். சீடி போடுவதிலிருந்து அச்சடிப்பதுவரை, ஒவ்வொரு படியாக. தமிழிலும் சிங்களத்திலும். சிங்களப் பிழைகளை நிஹால் திருத்தினார், சிரித்துச் சிரித்து. அட்டவணை இரண்டும் பின்னால் இணைத்தேன். போட்டோக் கொப்பி அடித்து ஒவ்வொரு மேசையிலும் ஒன்று. சுவரிலும் ஒட்டியாயிற்று. நேற்றும் இன்றும் மாலனிக்குப் பயிற்சி. கேள்விக்கு மேல் கேள்வி, ஏச்சுக்கு மேல் ஏச்சு, கடைசியில் என்னைவிட வேகம்.

என்னை மாற்றலாம். இதை எந்தக் களஞ்சியத்துக்கு மாற்றுவார்கள்?

மத்தியானம் கம்பனிக்காரர் வந்தார். நாளைக் காலை பூட்டு விழும் என்று ப.வுக்கு நினைவூட்ட. போகும்போது சுவரில் ஒட்டியிருந்ததை நின்று வாசித்தார். “ஒரு பிரதி கிடைக்குமா, மெடம்?” நிஹால் முறைத்தார். நான் எடுத்துக் கொடுத்தேன். திறந்தது என்றால் அவருக்கும்தான்.

மேசையைத் துடைத்தேன். தேத்தண்ணிக் கோப்பை, சேலை ஊசி, ஜெபமாலை. ஒரு பையில் அடங்கிவிட்டது.

புதன், நவம்பர் 1

சகல புனிதர் திருநாள். காலைப் பூசைக்குப் போய், அங்கிருந்து களஞ்சியம். தூசி. தும்மல். ஒரு யன்னல், அதுவும் திறக்காது. பொறுப்பதிகாரி நல்ல மனிசர்போல, கதிரை துடைத்துத் தந்தார். செய்ய வேலை ஒன்றும் இல்லை. அதனால் பட்டப்பகலில் நாட்குறிப்பு.

எட்டு மணி. எட்டேகால். அங்கே என்ன நடக்கிறதோ.

10.20. மூலையில் இருந்த போன் அடித்தது. எனக்காம். மாலனி. பின்னால் சந்தை மாதிரிச் சத்தம்.

“மிஸ், எல்லாம் பூட்டிவிட்டது. மூன்றில் மட்டும் வேலை. வரிசை றோட்டுவரை. பணிப்பாளர் கம்பனிக்குப் போன் எடுத்தார், காசோலை வந்தால் திறக்கலாம் என்றார்களாம். அமைச்சுக்குப் போன் எடுத்தார். மற்றக் கவுண்டர்களையும் மாற்றிவிடுங்கள் என்று அந்தப் பெரியவர் சொல்லிவிட்டார். இப்போது நாலாவதில் நானே சீடியைப் போட்டுவிட்டேன். ஐந்தாவதில் நிஹால். ஒரு கேள்வி கேட்கிறது, மிஸ். இதில் உள்ள பழையதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று.”

“பணிப்பாளர் எங்கே?”

“பக்கத்தில்தான் நிற்கிறார். அவர்தான் உங்களிடம் கேட்கச் சொன்னார்.”

பதிவுகளின் பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு இடத்தில் இருக்கிறது, காலையில் திரும்பவும் பார்த்தேன் என்றார் மாலனி. ப.வின் இருமல் கேட்டது. களஞ்சியப் பொறுப்பதிகாரி பைலை மூடிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒவ்,” என்றேன். ஆம். “அழியட்டும், அழுத்துங்கள்.”