ரொட்டிக் கத்தியால் பாடம் நடத்துகிறவர்

தங்கச்சிமடம்
12-2-1962

அன்புள்ள மகன் பெஞ்சமினுக்கு அய்யா எழுதுவது. மாதா தயவில் இங்கன எல்லாரும் சுகம், நீயும் அந்தக் குளிரில் நெஞ்சுச்சளி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் வேலையை என்னிடம் படித்தவனுக்கே கொடுத்துவிட்டார்கள், அவனுக்கு நான் எழுந்து வணக்கம் சொல்கிறேன், அது கிடக்கட்டும்.

உன் கடிதத்தை வழக்கம்போல ஜெபமாலை முடிந்ததும் வீட்டில் கூடியிருந்த எல்லாருக்கும் வாசித்தேன். அடுத்த மாதம் டச்சுப் பேச்சுப் பரீட்சை, தேறினால்தான் கப்பல் பட்டறையில் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் திரும்ப வேண்டியதுதான் என்றதும் உனக்காக ஜெபமாலையில் இன்னும் ஒரு பத்து மணி சொன்னார்கள். அடுத்தது நீ குடியிருக்கிற வீட்டுக்காரர் ஹெண்ட்ரிக் பற்றி. அந்த மொழியில் சொற்களை ஒட்டி ஒரே சொல்லாக எழுதுவார்களாம், ஆவொண்ட் என்றால் மாலை, ஏட்டன் என்றால் சாப்பாடு, இரண்டும் ஒட்டினால் ராச்சாப்பாடு, அதை நீ நம் பழக்கத்தில் ஆ-வொண்-டேட்-டன் என்று சேர்த்து உருட்டினாயாம், அவர் சாப்பாட்டு மேசையில் ரொட்டிக் கத்தியால் தட்டி, ஒட்டிய இடத்தில்தான் பிரிக்க வேண்டும், முன்னால் நிற்கிற சொல்லுக்குத்தான் அழுத்தம் என்று காட்டினாராம். சரி. அதற்கடுத்த வரி, இப்படி ஒருவர் எனக்குப் பாடம் சொன்னதே இல்லை என்பது. அதை நான் வாசிக்கவில்லை. அம்மாவுக்கு எப்படியோ சந்தேகம், மறுநாள் பக்கத்து வீட்டு யாகப்பம்மாளைக் கூப்பிட்டுத் திரும்ப வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். நான் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "ஒரு வரியை முழுங்கிட்டீகளே, முள்ளு குத்தலையா?" என்றாள் அம்மா. குத்தியது. ஏழு வயதில் உன்னைக் கரைக்குக் கூட்டிப்போய், கவிழ்த்துப் போட்ட வத்தைப் படகின் மேல் சாக்கட்டியால் ஆங்கிலச் சொற்களை எழுதித் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டியவன் யார்? வத்தையை அசிங்கம் பண்ணியதாக வத்தைக்கார மூக்கையா என்னை ஏசியதும் மறந்துபோயிற்றா? அந்த மனிதர் தினமும் மாலையில் உன் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார். அது போதாதா அவருக்கு?

நேற்று பிள்ளைகள் போன பிறகு வகுப்பில் தனியாக இருந்து, அளவுகோலால் மேசையைத் தட்டி அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். எத்தனை தடவை சொன்னாலும் என் நாக்கும் ஒட்டித்தான் உருட்டுகிறது, எல்லாத் துண்டுக்கும் ஒரே கனம் கொடுக்கிறது. நீ செய்கிற தவறு நான் வத்தையில் எழுதிக் கொடுத்ததுதான் போலிருக்கிறது. ஆகையால் பரீட்சையில் அவர் சொன்னபடியே சொல். என்னை நினைக்காதே.

கம்பளிச் சட்டையைக் கழற்றாதே, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னைக் கைவிடமாட்டாள், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இந்தத் தடவை உறையின் பின்னால் முதலெழுத்துப் போடாமல் வெறும் பெஞ்சமின் என்று எழுதியிருக்கிறாய். பரீட்சையில் முதலில் பெயரைத்தான் கேட்பார்கள். முன்னால் நிற்பதற்குத்தான் அழுத்தம் என்று அவரே சொல்லியிருக்கிறார். உன் பெயருக்கு முன்னால் நிற்பவன் நான்.

இப்படிக்கு
உன் அய்யா
ம. சந்தியாகு