கப்பல் கதையின் கடைசிப் பக்கம்

மதினி,

இன்று காலை நம் ஏலக்காய்க் கிட்டங்கிக்கு ஒரு பழைய நாவல் திரும்பி வந்தது. அட்டை எப்போதோ போய்விட்டது. யாரோ சாக்கு தைக்கிற நூலால் முதுகைத் தைத்து வைத்திருக்கிறார்கள். பிரித்தபோது கடைசிப் பக்கங்களுக்கு நடுவிலிருந்து ஓர் ஏலக்காய் என் மடியில் விழுந்தது. காய்ந்து, சப்பையாகி, நிறம் வெளுத்த காய். பொழுதன்றைக்கும் ஏலக்காய்க்குள்ளேயே உட்கார்ந்திருக்கிற நமக்கு அதன் வாசனை எங்கே தெரிகிறது? ஆனால் இந்த ஒற்றைக் காயின் வாசனை எனக்குத் தெரிந்தது. அதை அந்த இடத்தில் அடையாளமாக வைத்தவள் நான்தான்.

நீ போய்ச்சேர்ந்து, வருகிற தையோடு ஒரு வருடம். இன்னும் உன் இடத்தில் யாராவது உட்கார வந்தால் எனக்குச் சுருக்கென்கிறது. சொந்தம் என்று பார்த்தால் நமக்குள் ஒன்றும் கிடையாது. போடியில் அடுத்தடுத்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டோம், நீ என்னைவிட ஆறு வயது மூத்தவள், அதனால் மதினி. அவ்வளவுதான். ஆனால் என் குரலை உன்னைப்போல் கேட்டவர்கள் யாருமில்லை.

நினைத்துப் பார்த்தால் வேடிக்கையான ஏற்பாடுதான் அது. மலையிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் காயைக் காம்பு கிள்ளி, பச்சை வேறு வெளுப்பு வேறாகப் பிரிக்க இருபது பெண்கள். அந்த இருபது பேரில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான் ஒருத்தி. முதலாளி வீட்டு மருமகளுக்கு நாவல் பைத்தியம். மதுரையிலிருந்து ரயிலில் வரவழைத்துப் படித்துவிட்டு என்னிடம் தருவாள். நான் உரக்க வாசிப்பேன். என் சுளகில் கிடக்கும் காயை நீங்களெல்லாம் ஆளுக்கு இரண்டு கை அள்ளிக்கொண்டு போய் என் வேலையையும் சேர்த்து முடிப்பீர்கள். மேஸ்திரி முதலில் முறைத்தார். நாலாம் நாள் அவரே தூண் பக்கம் வந்து நின்று, "நேத்து அந்தத் துப்பறியிற ஆளு கெணத்துக்குள்ள எறங்குனாரே, ஏறிட்டாரா?" என்று கேட்டார்.

ஏறினார். ஆனால் அந்தத் துப்பறியும் சிங்கத்தை நீ விட்டுவைத்தாயா? அவர் ஒட்டு மீசையோடு ஆறு மாதம் ஒரு ஜமீன் வீட்டில் சமையல்காரராக இருந்தார் என்று வாசித்ததும் உன் கை நின்றுவிட்டது. "ஏ புள்ள, ஆறு மாசமா அந்த ஆளு கஞ்சியே குடிக்கலயா? கஞ்சியில மீசை நனைஞ்சா பசை விட்டுப் போகாதா?" கிட்டங்கியே குலுங்கிச் சிரித்தது. அதற்குப் பிறகு கொலைகாரன் யாரென்று எவளும் கேட்கவில்லை. மீசை எப்போது விழும் என்றுதான் காத்திருந்தார்கள்.

பட்டணத்துக் காதல் கதை ஒன்று வந்தது. நாயகி பத்துப் பக்கத்துக்கு ஒரு தரம் மூர்ச்சை போட்டு விழுவாள். கடிதம் வந்தால் விழுவாள், கடிதம் வராவிட்டாலும் விழுவாள். "அவளுக்கு ஒடம்புல ரத்தம் இல்ல. முருங்கக்கீரையக் கடைஞ்சு குடுக்கச் சொல்லு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாய். பிறகு வந்தது ஒரு பதிவிரதையின் கதை. புருஷன் சொத்தையெல்லாம் வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவான். இவள் ஒரு வார்த்தை பேசாமல் அவன் காலைக் கழுவுவாள். பாதிப்பேர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். நீ மட்டும் உதட்டைச் சுழித்தாய். "முந்நூறு பக்கத்துல ஒரு நாளாச்சும் இவ சோறாக்காமப் படுத்திருக்கலாம்ல? அவன் அன்னைக்கே திருந்தியிருப்பான்."

உனக்குக் கோபமே வரவைத்தது கிராமத்துக் கதைதான். நகரத்தில் யாரோ உட்கார்ந்து எழுதியது. பருத்தி எடுக்கும்போது மழை பெய்கிறது, பெண்கள் நனைந்துகொண்டே பாட்டுப் பாடுகிறார்கள். நீ கையிலிருந்த காயைச் சுளகில் வீசினாய். "வெடிச்ச பருத்தியில மழை விழுந்தா, பருத்தி போட்ட சம்சாரி வீட்டுல எழவு விழுந்த மாதிரி. இவளுக பாடுறாளுகளாம்! எழுதுனவரை இங்கன கூட்டியாரச் சொல்லு, நான் பாட்டுச் சொல்லித்தாரேன்."

வர்ணனை உனக்கு ஆகவே ஆகாது. நிலா எழுந்தது, வெள்ளித் தகடு விரித்தது என்று நான் ஆரம்பித்தாலே கையை ஆட்டுவாய். "நிலாவ விட்டுரு. அது நம்ம வீட்டு முத்தத்துலயே இருக்கு. மனுசர விட்டுராத." எத்தனை நிலாக்களை உனக்காகத் தாண்டியிருக்கிறேன்! மனிதரைத் தாண்டியதில்லை என்று சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

உன் புருஷன், எனக்கு அண்ணன், ரங்கூனில் அரிசி ஆலைக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது அப்போது. அவர் கடுதாசிகளை உனக்கு வாசித்தவளும் நான்தான், பதில் எழுதியவளும் நான்தான். உன் அம்மா செத்து எட்டாம் நாள் அந்தக் கடைசிக் கடுதாசி வந்தது. நீ அழுது அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாய். நான் வழக்கம்போல் ஒரு முறை கண்ணால் ஓட்டிவிட்டு வாசிக்கத் தொடங்கினேன். நடுவில் மூன்று வரி. நாலு நாளாகக் காய்ச்சல், கஞ்சிதான் இறங்குகிறது, தனியாகப் படுத்திருக்கப் பயமாக இருக்கிறது, நீ பக்கத்தில் இருந்தால் தேவலை. அதை விட்டுவிட்டேன். இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீ பதில் சொல்லச் சொல்ல எழுதினேன். மாடு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது, வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். காய்ச்சலில் கிடந்த மனிதருக்கு அந்தச் சேதிதான் போனது. என் கையால் போனது.

அதற்குப் பிறகு யுத்தம் பர்மாவுக்கு வந்துவிட்டது. தபால் நின்றது. காட்டு வழியாக நடந்தே சிலர் ஊர் வந்து சேர்ந்தார்கள். வந்த ஒவ்வொருவரிடமும் நீ போய் விசாரித்தாய். யாருக்கும் தெரியவில்லை. மூன்று வருடமாக நீ தாலியைக் கழற்றவும் இல்லை, அதைப்பற்றிப் பேசவும் இல்லை.

அந்த நேரம் பார்த்தா இந்தக் கப்பல் கதை வரவேண்டும்! கடல் கடந்து போன புருஷனுக்காக ஒருத்தி காத்திருக்கிறாள். நீ காம்பு கிள்ளுவதையும் மறந்து கேட்டாய். உதட்டைச் சுழிக்கவில்லை, ஒரு கேலி இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் முடிவை முன்கூட்டியே பார்த்தேன். கப்பல் முழுகிவிடுகிறது. அவள் கடற்கரையில் நின்றே கிழவியாகிறாள். அந்தப் பக்கத்தில் ஓர் ஏலக்காயை வைத்தேன். மறுநாள் அந்தக் காய் வந்ததும் புத்தகத்தைப் பார்த்தபடியே என் வாயிலிருந்து வேறு கதை சொன்னேன். ஒரு மத்தியானம் அவன் வந்தான், வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டான், தண்ணீர் கொடு என்று கேட்டான். கிட்டங்கியில் அத்தனை பேரும் கண்ணைத் துடைத்தார்கள். நீ என் சுளகிலிருந்து நாலு கை அள்ளிக்கொண்டாய்.

நம்மிடம் முடிந்த புத்தகங்கள் அனுமந்தன்பட்டிக்குப் போகும், மருமகளின் அக்காள் வீட்டுக்கு. அங்கேயும் ஒரு கூட்டம் வாசிக்கக் கேட்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை பார்.

ஆடிச் சனிக்கிழமை குச்சனூரில் எள் விளக்குப் போட வரிசையில் நின்றோம். பின்னால் அனுமந்தன்பட்டிப் பெண்கள். பேச்சு நாவல் பக்கம் திரும்பியது. "பாவம், கப்பல்காரன் பொண்டாட்டி. நின்னு நின்னே கெழவியாப் போனா" என்றாள் ஒருத்தி.

நீ திரும்பினாய். "யாரு சொன்னது? அவன்தான் வந்துட்டான்ல. செருப்பக் கழட்டிப் போட்டுட்டுத் தண்ணி கேட்டான்ல."

"முங்குன கப்பல்ல இருந்து எங்கிட்டு வருவான்? எங்களுக்கு வாசிச்சவுக டீச்சரம்மா. அவுக பொய்யா சொன்னாக?"

"சனீசுவரன் முன்னாடி நின்னு சத்தியமாச் சொல்றேன், அவன் வந்தான்! நான் காதால கேட்டேன்!"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் என் கையிலிருந்த எள் விளக்கைப் பார்த்தேன்.

திரும்பும் வண்டியில் பாதி வழி வந்ததும் என் பக்கம் திரும்பினாய். பிறகு கேட்டாய். "கதையில மாத்துனவ, கடுதாசியில மாத்தாம இருப்பியா?"

"ஆத்தாடி, கடுதாசியில எதுக்கு மதினி மாத்தப் போறேன்?" என்றேன். ஒப்புக்கொள்ள எனக்குக் கிடைத்த ஒரே நல்ல நேரம் அது. அதையும் பாழாக்கினேன்.

மறுநாள் நீ உன் சுளகை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய்விட்டாய். சண்டை போடவில்லை. எதிரில் வந்தால், "சாப்பிட்டியா?" என்று கேட்பாய். ஆனால் எந்த நாவலைப்பற்றியும் ஒரு சொல் சொல்லவில்லை. இரண்டு வருடம், மதினி! எத்தனை அசட்டு நாயகிகள் விழுந்து எழுந்தார்கள், கேட்பாரில்லை. எனக்கு வாசிப்பே சப்பென்று ஆகிவிட்டது. ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் கடைசி வரிசையைப் பார்ப்பேன். நீ குனிந்து காயைப் பிரித்துக்கொண்டிருப்பாய்.

உனக்கு நெஞ்சு வலி வந்து படுத்த பிறகு ஒரு மத்தியானம் ஆளனுப்பினாய். நான் வந்தபோது தகரப்பெட்டி திறந்திருந்தது. அந்தக் கடைசிக் கடுதாசியை நீட்டினாய். "உள்ளபடி வாசி."

வாசித்தேன். காய்ச்சலை வாசித்தேன், கஞ்சியை வாசித்தேன், பயத்தை வாசித்தேன். நீ கூரை மோட்டைப் பார்த்தபடி கேட்டுவிட்டு, "தெரியும்" என்றாய்.

"என்ன மதினி தெரியும்?"

"அன்னைக்கு அந்த எடத்துல ஒரு மூச்சு இழுத்த. எத்தனை வருசமா ஒன் வாசிப்பக் கேக்குறேன், எனக்குத் தெரியாதா? கப்பல் கதையிலயும் அதே மூச்சுத்தான்."

"அப்ப சாமி முன்னாடி சத்தியம் பண்ணீங்களே?" பதற்றத்தில் உன்னை முதல்முறையாக நீங்கள் என்று சொல்லிவிட்டேன்.

"பண்ணுனேன். நெசமாயிராதான்னு."

"ஏன் மதினி என்னைய அப்பவே கேக்கல?"

"கேட்டா நீ வாசிச்சிருவியே." என் கையிலிருந்த கடுதாசியை வாங்கிக்கொண்டு சொன்னாய். "வண்டியில மனசத் தேத்திக் கேட்டேன். நீ இல்லைன்ன. நானும் விட்டுட்டேன். ஊரு எழுதுன கதைக்கெல்லாம் குத்தம் சொன்னவ, என் கதை வந்ததும் காதப் பொத்திக்கிட்டேன். கோவம் ஒன் மேல பாதி, என் மேல பாதி."

நான் உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீ காலை இழுத்துக்கொண்டாய். "ஏ, அந்தப் பதிவிரதை மாதிரி காலப் பிடிக்காத. ஆனா செருப்பக் கழட்டிப் போட்டான்னு சொன்ன பாரு, அது நல்லா இருந்துச்சு. அந்த எழுதுனவனுக்கு அது வராது" என்றாய். அப்புறம், "காயிதம் எடு. பதில் எழுதணும்" என்றாய்.

நீ சொன்னதை அப்படியே எழுதினேன். "காய்ச்சல்னு எழுதியிருந்தீக. இப்ப எப்படி இருக்கு? கஞ்சியில கொஞ்சம் சீரகம் போட்டுக்கங்க. பயப்படாதீக. நான் இங்கன நெனச்சுக்கிட்டேதான் இருக்கேன்." ஆறு வருடம் தாமதமான பதில். விலாசம் எழுதும் இடத்தில் நான் நிறுத்தினேன். "அது கெடக்கட்டும், நீ வச்சுக்க" என்றாய். பதினோராம் நாள் போய்விட்டாய்.

அந்தக் காகிதம் என் பெட்டியில் இருக்கிறது. யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை.

இன்று கிட்டங்கியில் பாதிப்பேர் புதியவர்கள். இந்தப் புத்தகத்தைக் கண்டதும் வாசிக்கச் சொன்னார்கள். முன்பக்கம் பாதி கிழிந்துபோயிருக்கிறது, மீதியை ஒரே நாளில் முடித்துவிடலாம். உன் பழைய இடத்தில், என் பக்கத்தில், ஒரு சின்னவள் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் கொழும்பில் இருக்கிறான். ஏலக்காய் கிடந்த பக்கம் சாயங்காலம் வந்தது. எனக்கு அந்த மூச்சு வந்தது, மதினி. நானே அதைக் கேட்டேன். இழுத்த மூச்சை விட்டுவிட்டு, எழுதியிருந்ததை வாசித்தேன். கப்பல் முழுகியது. அவன் வரவில்லை.

சின்னவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் காயைக் கிள்ளினாள். பிறகு நிமிர்ந்து, "ஏக்கா, அவ என்னத்துக்குக் கடல்கரையிலயே நிக்கிறா? வீட்டுக்குப் போயி ரெண்டு வாய் சோறு தின்னுட்டு வந்து நின்னா ஆகாதா?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அழுதேன். அவள் பயந்துபோய் என் சுளகிலிருந்து நாலு கை அள்ளிக்கொண்டாள்.

முடிவுக்கு முன்னால் கடல்மேல் இரண்டு பக்கத்துக்கு நிலா இருந்தது. அதை விட்டுவிட்டேன். மனுசரை விடவில்லை, மதினி.