பொன்ராஜ் குரல் இருந்த சீடி

மார்ச் 3, 2025
‘முகத்துவாரம்’ கேமை, என்னிடம் மிஞ்சிய ஒரே சீடியிலிருந்து நெட்டில் ஏற்றிவிட்டேன். 2002-ல் ராயபுரத்துக் கம்பெனியில் சம்பளத்துக்கு நானும் பொன்ராஜும் செய்தது. படமெல்லாம் நான், படகுக்காரன் குரல் அவன். கம்பெனி மூடியாச்சு, கடையிலும் கிடையாது. பொன்ராஜைக் கடல் கொண்டுபோய்ப் பத்தொன்பது வருஷம். அவன் சம்சாரம் கன்னியம்மா அண்ணி மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு என் போனில் அவன் குரலைக் கேட்டாள். “வலைய வுடு மாமு, பேஜாரு பண்ணாத!” சிரித்தாள், அப்புறம் அழுதாள்.

மார்ச் 19
நோட்டீஸ். மூடின கம்பெனியை வாங்கிய மளிகை மொத்த வியாபாரி இசக்கிப்பாண்டி அண்ணாச்சி அனுப்பியது. உரிமை அவருடையதாம், நெட்டிலிருந்து எடுத்துவிட்டு சீடியையும் ஒப்படைக்கணுமாம். இத்தனை வருஷம் எங்கே போயிருந்தார்?

மார்ச் 22
வக்கீல் ஜானட் சொன்னார்: “விக்கிறத நிறுத்திட்டா உரிமை போயிடாது சார். சம்பளத்துக்கு செஞ்சது முதலாளிக்குத்தான். செஞ்சவங்க காலத்துக்கு அப்புறமும் அறுபது வருஷம்.” அதாவது நான் செத்தால்தான் கணக்கே ஆரம்பிக்கும். நல்ல சட்டம்! நெட்டிலிருந்து எடுத்தால் போதும், சீடியைக் கொடுக்காதீங்க என்றார்.

மார்ச் 24
கொடுத்துவிட்டேன். எங்கள் குப்பத்தில் மிதக்கிற வலை கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். உடையவன் வந்து கேட்டால் ஒரு மிதவைகூட வைத்துக்கொள்ளாமல் திருப்பிவிட வேண்டும். உடையவனும் எடுத்தவன் மனசு நோக விடமாட்டான். நெட்டில் ஏற்றியதையும் கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்துவிட்டுத்தான் போனேன்.
“இப்படி ஒண்ணு நம்மகிட்ட இருக்கதே தெரியாது தம்பி. போன்ல புதுசா விடுதோம்” என்றார் அண்ணாச்சி. பொன்ராஜ் பேரைப் போடுங்கள், குரலை மாற்றாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். “பாத்துக்கிடுதேன்.” காபி கொடுத்தார்.

ஜூன் 8
ஒரு தகவலும் இல்லை.

ஆகஸ்ட் 17
வந்துவிட்டது. என் படங்கள் அப்படியே. பொன்ராஜ் பேர் இல்லை. குரல் — வேற எவனோ! “வலையை வீசுங்கள் நண்பர்களே.” த்தூ!
போன் போட்டேன். “பழைய பேச்சு கொச்சையா கெடக்குன்னு மருமவன் சொன்னாரு. சீடியா? குரல் மாத்துனப்பொறம் எதுக்குன்னு தூக்கிப் போட்டாச்சே.”
என் கையாலயே கொடுத்தேனே. படிச்சுப் படிச்சு சொன்னாங்களே ஜானட், கேட்டேனா? என்னைச் செருப்பால அடிக்கணும்.

ஆகஸ்ட் 24
அண்ணி வந்தாள். அடுத்த ஞாயிறு அவள் மகள் சௌமியாவைப் பெண் பார்க்க வருகிறார்களாம்.
“உன்னாண்ட சீடி கீதுல்ல தம்பி? அவங்கப்பா குரல ஒரு தபா போட்டுக் காட்டணும். சௌமியா கேட்டுகினே கீது.”
இருக்குது அண்ணி, தேடி எடுத்துத் தரேன் என்றேன்.