நனைந்தால் கூலி இல்லை

3-10-1978, செவ்வாய்

மில்லுக்குக் கார் நெல் வரத்து இந்த வருஷம் பரவாயில்லை. ஊறல் தொட்டி மூன்றும் நிரம்பிவிட்டன. இலஞ்சி நெல் சுத்தமாக இருக்கிறது. சுரண்டை நெல்லில்தான் கல் அதிகம். சுரண்டைக்காரன் நானே சொல்கிறேன்.

மத்தியானம் குழம்பில் உப்பு இல்லை. சொன்னேன். "உங்க நாக்குக்கு நெல்லத் தவிர வேற ருசியும் தெரியுதே" என்றாள் இராமலட்சுமி. இருபத்திரண்டு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவள். உப்பை நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

9-10-1978, திங்கள்

இன்று களத்தில் நடந்ததைப் பார்க்க வல்லிநாயகத்தைக் கூப்பிட்டிருக்கலாம். மில் முதலாளிகள் சங்கத்துக்குத் தலைவர் என்று பெயர், அவர் மில்லில் அவித்துக் காயப்போட்ட நெல் வாரம் ஒரு அவியலாவது நனைகிறது. நமக்கு இரண்டு அவியல் நெல் களம் முழுக்க விரித்துக் கிடந்தது. மூன்று மணிக்குக் கிழக்கே கறுத்தது. மேஸ்திரி சிவசைலம் விசில் ஊதினதுதான் தாமதம், பதினாலு பெண்களும் பலகையைப் பிடித்து இழுத்துக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். பத்து நிமிஷம். ஒரு நெல்மணி நனையவில்லை.

அதில் ஒருத்தி முருகம்மாள், அவள் குரல்தான் காரணம். அவள் "ஏட்டி, தெக்குப் பக்கம் ரெண்டு பேரு வா" என்று ஒரு சத்தம் கொடுத்தால் ரயில்வே கேட்டில் நிற்கிற வண்டிமாடு திரும்பிப் பார்க்கும்.

நம் மில்லில் சட்டம் இதுதான்: அவியல் காய்ந்து குடோனுக்குள் போனால் கூலி. நனைந்தால் கூலி இல்லை. நான் கண்டுபிடித்ததல்ல, தென்காசியில் எல்லா மில்லிலும் இதுதான். ஆனால் மற்றவர்கள் சில சமயம் இரங்கிப் பாதிக் கூலி கொடுப்பார்கள். நான் ஒருதரமும் கொடுத்ததில்லை. அதனால்தான் நம் நெல் நனைவதில்லை என்று எனக்கு ஒரு பெருமை.

இன்று இரண்டு இடி பலமாகவே இடித்தது. புதிதாக வந்த பெண்ணொருத்தி பயந்து ஷெட்டுக்குள் நின்றுகொண்டாள். "நடுக்களத்துல கடப்பாரை ஊன்றியிருக்குல்லா. இடி இங்கன வராது. ஓடு" என்றேன். இடி இடித்தால் வாசலில் இரும்பைத் தூக்கிப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். களம் பெரிசு, அதனால் மில் திறந்த அன்றைக்கே ஆள் உயரக் கடப்பாரையை மஞ்சள் குங்குமம் வைத்து நட்டுவிட்டேன்.

"மொதலாளி சொல்லிட்டாருல்லா, இனி இடி கேட்டுக்கிடும்" என்றாள் முருகம்மாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

11-10-1978, புதன்

எழுத வரவில்லை.

முருகம்மாள் மேல் இடி விழுந்துவிட்டது. கடப்பாரைக்குப் பக்கத்தில்தான் குவித்துக்கொண்டிருந்தாள். வெள்ளையாக ஒன்று — அவ்வளவுதான் பார்த்தேன். நெல்லின் மேலே குப்புறக் கிடந்தாள். செத்துப்போனாள் என்றுதான் நினைத்தேன். மூச்சு இருந்தது. இடது கால் வெந்திருந்தது, காதில் ரத்தம். மில் லாரியில் போட்டு இங்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அங்கிருந்து பாளையங்கோட்டை.

ஓடுன்னு சொன்னது யாரு? நான்தானே.

12-10-1978, வியாழன்

உயிருக்குப் பயமில்லை என்று தந்தி. இராமலட்சுமி தந்தியை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள்.

யோசித்துப் பார்க்கிறேன். நாங்கள் குற்றாலத்துச் சாரலில் வளர்ந்த சனம். ஆனி ஆடியில் நாள் முழுக்கத் தூறினாலும் அதில் இடி கிடையாது, மின்னல் கிடையாது. நனைந்துகொண்டே களம் பெருக்குவோம், நனைந்துகொண்டே கல்யாணம் நடத்துவோம். மழை என்றால் எங்களுக்குப் பயம் கிடையாது. புரட்டாசி ஐப்பசி மேகம் கிழக்கேயிருந்து வேறு குணத்தோடு வருகிறது என்று தெரிந்தும் அதையும் சாரல் மாதிரியே நடத்திவிட்டோம்.

14-10-1978, சனி

திருநெல்வேலியிலிருந்து தொழிலாளர் இலாகா ஆபீசர் வந்தார். அதற்கு முன்னாலேயே வல்லிநாயகம் வந்து உட்கார்ந்துவிட்டார். "ஏம்வே குத்தாலிங்கம், இடிக்கு நீரா பொறுப்பு? அந்த ஆளை வானத்துக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்லும்."

சிவசைலம் ஒரு வழி சொன்னான். முருகம்மாள் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டாள், தவிடு வாங்கத் திரும்பி வந்த இடத்தில் இடி விழுந்தது. வேலை நேரம் இல்லை, மில்லுக்குச் சம்பந்தமில்லை. சிவசைலம் கெட்டவன் இல்லை. என் உப்பைத் தின்றவன், என்னைக் காப்பாற்றப் பார்க்கிறான்.

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

15-10-1978, ஞாயிறு

இராமலட்சுமி இன்று சோற்றை எடுத்து வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். நான் என்ன எழுதிக் கொடுத்தேன் என்று அவளுக்குத் தெரியும்.

19-10-1978, வியாழன்

பாளையங்கோட்டை போய்விட்டு வந்தேன். ஆரஞ்சு வாங்கிப் போனேன். முருகம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் பேசப் பேச என் வாயையே பார்த்தாள். பக்கத்தில் அவள் புருஷன் நல்லகண்ணு. மாட்டுவண்டி ஓட்டுகிறவன், அதிகம் பேசமாட்டான். "ரெண்டு காதுலயும் சவ்வு கிழிஞ்சுட்டு மொதலாளி. நான் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்கா" என்றான்.

வலது காது கொஞ்சம் தேறலாம் என்கிறார் டாக்டர். சின்னப் பையன் மாதிரி இருக்கிறார். "வெட்டவெளியில இரும்பை நட்டு வச்சது யாருங்க? அது மின்னலை விரட்டாது, வான்னு கூப்பிடும்" என்றார். யார் நட்டது என்று நான் சொல்லவில்லை. என்னை ஊர்க்காரர் யாரோ ஒருத்தர் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

முருகம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லகண்ணுவிடம் கேட்டேன். "பேசுனா அவ சத்தம் அவளுக்கே கேக்கல. அதான் பயந்து போய் நிறுத்திட்டா" என்றான்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஆலங்குளம் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டே வந்தேன். தூக்கமில்லை.

2-11-1978, வியாழன்

தீபாவளி கழிந்தது. முருகம்மாளை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். இராமலட்சுமி சேலை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள்: "அவ இன்னும் அது சாமி குத்தம்னு நினைச்சுட்டு இருக்கா. இருக்கங்குடி அம்மனுக்கு நேர்ந்த கடன் ஒண்ணு பாக்கியாம். அதைச் செய்யாததுனால தான்னு சைகை காட்டி அழுதா." பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீங்க போய்ச் சொல்லுங்க" என்றாள்.

காது கேட்காதவளிடம், எழுத்துத் தெரியாதவளிடம், எப்படிப் போய்ச் சொல்ல?

6-11-1978, திங்கள்

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு முருகம்மாள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நல்லகண்ணு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றான். கிட்டே குனிந்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். வலது காதைக் காட்டி, கையைத் தூக்கி, இன்னும் சத்தமாக என்று காட்டினாள். கொஞ்சம் உரக்கச் சொன்னேன். கை இன்னும் மேலே போனது.

யாபாரத்தில் நான் குரலை உயர்த்தினதே இல்லை. துண்டைப் போட்டு மூடிக் கைவிரலில் விலை பேசிப் பழகினவன். அந்த நான் அந்தத் தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். "முருகம்மா, சாமி குத்தம் இல்ல. கடப்பாரைய நட்டது நான். இடி வராதுன்னு சொன்னது நான். நனைஞ்சா கூலி இல்லைன்னு ஓட வச்சதும் நான். நீ வேலை முடிஞ்சு போயிட்டன்னு ஆபீசர்ட்ட பொய் எழுதிக் கொடுத்ததும் நான்தான்."

தெருவில் எல்லா வாசலிலும் ஆள் வந்துவிட்டது. நல்லகண்ணுவுக்கு அந்தப் பொய் எழுத்து விஷயம் அப்போதுதான் தெரியும். வாளியைக் கீழே வைத்தான். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவன் அடிக்கவில்லை. உள்ளே போய்விட்டான்.

முருகம்மாள் கையிலிருந்த கீரையை முறத்தில் போட்டாள். பிறகு வாயைத் திறந்தாள். குரல் கரகரவென்று, அளவு தெரியாமல் வந்தது. நாலு வாரத்தில் அதுதான் முதல் பேச்சு என்று பிறகு சொன்னார்கள்.

"அன்னிக்கு நெல்லு நனைஞ்சுதா?"

பாதி நனைந்தது என்று கையால் காட்டினேன்.

"அப்ப மத்தவளுகளுக்குக் கூலி?"

இல்லை என்று கையை விரித்தேன். கொடுக்கவில்லை. நினைவே வரவில்லை.

"எங்கிட்ட சொன்னத அந்த ஆபீசர்ட்டயும் இதே சத்தத்துல சொல்லுவீகளா?" என்று கேட்டாள்.

7-11-1978, செவ்வாய்

திருநெல்வேலி ஆபீசுக்குப் போய் வேறு எழுதிக் கொடுத்தேன். ஆபீசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "அப்ப முதல்ல எழுதினது?" பொய் என்றேன். "வழக்கு வரும், தெரியும்ல?" தெரியும் என்றேன். "பின்ன ஏன்யா மாத்துதீரு?"

"தெருவே கேட்டுட்டு சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். ஆனால் உள்ளபடிக்கு அதுவும் ஒரு காரணம்தான்.

10-11-1978, வெள்ளி

கடப்பாரையைப் பிடுங்கினோம். பதிமூன்று பேருக்கும் அன்றைய கூலி கொடுத்தாயிற்று. இனிமேல் கிழக்கே மின்னினால் விசில் உள்ளே வருவதற்குத்தான். நெல் நனைந்தாலும் கூலி உண்டு. சிவசைலம், "அப்ப யாரு ஓடுவா?" என்றான். யாரும் ஓட வேண்டாம் என்பதுதானே.

சாயங்காலம் வல்லிநாயகம் வந்தார். காப்பி குடிக்கவில்லை. "நீரு பெரிய தர்மராசா ஆகணும்னா ஆயிக்கிடும். நாளைக்கு என் களத்துக்காரிகளும் இதையே கேப்பாளுக. சங்கத்துல உமக்கு எடமில்ல பாத்துக்கிடும்."

"உங்க களத்துலயும் ஆகாசம்தானே அண்ணாச்சி மேல இருக்கு" என்றேன். போய்விட்டார்.

12-2-1979, திங்கள்

வழக்கு முடிந்தது. அபராதம், முருகம்மாளுக்கு நஷ்ட ஈடு, இரண்டையும் கட்டினேன். தீர்ப்பில் என் பெயரை இரண்டு இடத்தில் தப்பாக அடித்திருக்கிறார்கள். திருத்தச் சொல்லவில்லை.

5-3-1979, திங்கள்

பிசான நெல் அறுவடை தொடங்கிவிட்டது. முருகம்மாளை வேலைக்கு வா என்று கூப்பிடப் போனேன். களத்தில் இறங்க வேண்டாம், ஷெட்டில் நின்று மேற்பார்வை பார்த்தால் போதும் என்று கத்திச் சொன்னேன். அந்தத் தெருவுக்கு இப்போது நான் கத்துவது பழகிவிட்டது. யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

முடியாது என்று தலையாட்டினாள். நல்லகண்ணுதான் சொன்னான்: "மேகத்தப் பாத்தா கால் நடுங்குது அவளுக்கு. அதோட, பேசுனா சனம் சிரிக்குமோன்னு இருக்கு. விட்டிருங்க மொதலாளி." இப்போது என்னிடம் பேசுகிறான். அதுவே பெரிசு.

களத்தில் இந்த ஐந்து மாதமாக ஒரு சத்தம் இல்லை. வேலை நடக்கிறது. ஆனால் ஏதோ சாவு வீட்டில் நெல் காயப்போட்ட மாதிரி இருக்கிறது.

8-7-1979, ஞாயிறு

குற்றாலத்தில் இந்த வருஷம் நல்ல சீசன். இராமலட்சுமி முருகம்மாளையும் கூட்டிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனாள். நான் வருகிறேன் என்றதற்கு, "பொம்பளைக குளிக்கப் போற எடத்துல உங்களுக்கு என்ன ஜோலி" என்று விட்டுவிட்டுப் போனாள். திரும்பி வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

காதில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் முருகம்மாளை அருவிக்குக் கொஞ்சம் தள்ளிப் பாறையில் உட்கார வைத்திருக்கிறாள். இவள் குளித்துவிட்டுத் திரும்பினால், அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தொட்டதும், "அக்கா, கேக்குது" என்றாளாம். "என்னட்டி கேக்குது?" "தண்ணி. தூரத்துல லாரி போற மாதிரி. ஆனா தண்ணிதான்."

பிறகு அருவிச் சத்தத்தில் அங்கே யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. எல்லாரும் கத்திக்கொண்டுதானே இருப்பார்கள். முருகம்மாளும் கத்தினாளாம். வாய் ஓயவில்லையாம். வத்தல் விலை, நல்லகண்ணுவின் மாடு, என் சட்டை எப்போதும் ஏன் ஒரு பக்கம் தொங்குகிறது — எல்லாம்.

சொல்லிவிட்டு இராமலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தலை ஈரம் என்றாள்.

3-9-1979, திங்கள்

காலையில் மில்லைத் திறந்தால் முருகம்மாள் வாசலில் நிற்கிறாள். "ஷெட்டுல நின்னு பாக்கச் சொன்னீகளே, அந்த வேலை இருக்கா, இல்ல வேற எவளுக்கும் குடுத்துட்டீகளா?" தண்டவாளம் தாண்டிக் கேட்டிருக்கும்.

இருக்கிறது என்றேன். சத்தமாக.

17-10-1979, புதன்

இன்று இரண்டு அவியல் நெல் நனைந்து போனது.

இரண்டரை மணிக்குக் கிழக்கே இருட்டியது. முருகம்மாளுக்கு இடி கேட்காது. அதனால் மேகம் ஏறினால் ஷெட் வாசலை விட்டு நகராமல் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். தூணை மட்டும் இன்னும் விடாமல் பிடித்துக்கொள்கிறாள். பாதி குவித்திருந்தார்கள். முதல் மின்னலிலேயே, "போட்டுட்டு வாங்கட்டி உள்ள" என்று ஒரு சத்தம். சிவசைலத்தின் விசில் அதற்குப் பிறகுதான். பதிமூன்று பேரும் பலகையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

நான் வரவில்லை. இதை மறைப்பானேன். என் கால் தானாகத் தார்ப்பாயை நோக்கி ஓடியது. முப்பது வருஷப் பழக்கம், மூட்டை தூக்கின காலத்திலிருந்து வந்தது. இந்த ஒரு குவியலை மட்டும் மூடிவிடலாம் என்றுதான்.

"ஏ மொதலாளி! உங்களுக்குத் தனியா வந்து சொல்லணுமா? நெல்லு கெடக்கட்டும். வாங்க இங்க."

ஷெட்டுக்குள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தார்ப்பாயை விட்டுவிட்டு வந்தேன். முருகம்மாள் உமி மூட்டையில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். சிவசைலம் டீ வாங்கிவைத்திருந்தான். களம் முழுக்க நெல் கண்ணெதிரே மிதந்து வடிகாலை நோக்கிப் போனது. அந்த அரிசி கறுத்துத்தான் போகும், கோழித் தீவனத்துக்கு யாராவது கேட்டால் கொடுக்கலாம். எத்தனை மூட்டை என்று மனசு எண்ணிக்கொண்டேதான் இருந்தது.

முருகம்மாள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "இடிக்குதா?"

தலையசைத்தேன்.

"பக்கத்துலயா?"

இல்லை, இலஞ்சிப் பக்கம் என்று கையை நீட்டிக் காட்டினேன். அவள் டீயைக் குடித்தாள். கொஞ்சம் கழித்து மறுபடி என்னைப் பார்த்தாள். மழை விடும் வரைக்கும் ஒவ்வொரு இடிக்கும் அது எந்தப் பக்கம் என்று அவளுக்குக் கை காட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.