இரண்டு பேருக்கான மேஜை

ஜனவரி 9, லின்ஸ், ஆஸ்திரியா

விவாகரத்துக்குப் பின் எனக்கு முதல் பனிச்சறுக்கு விடுமுறை. ஐந்து நட்சத்திரத்துக்குக் குறைந்து எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். இத்தனை வருடமும் என் கணவராக இருந்த கெர்னோட் மலிவாகத் தேடிப் பிடித்த விடுதிகள்தான். அங்கெல்லாம் வெந்நீர் வந்தாலே பெரிய விஷயம்.

ஜனவரி 11

மூன்று விடுதிகள் தேறியிருக்கின்றன. ஒன்றில் கூரைமேல் நீச்சல் குளம். இன்னொன்றில் தலையணையைத் தேர்ந்தெடுக்கவே தனி மெனு! மூன்றாவதில் மலையிலிருந்து சறுக்கி வந்து நேரே வாசலில் நிற்கலாம். காலணியை வெதுவெதுப்பாக்கித் தர ஓர் ஆள்.

நான் என்னவோ படங்களில் சாப்பாட்டுக் கூடத்தைத்தான் பெரிதாக்கிப் பார்க்கிறேன். தனியாகப் போனால் சமையலறைக் கதவோரம் ஒரு குட்டி மேஜை தருவார்கள். முதல் நாள் தந்த மேஜைதான் வாரம் முழுக்க. ஊரே ஜோடி ஜோடியாக சூப் குடிக்கும்போது நான் மட்டும் — ஐயோ, வேண்டாம்.

தங்கை இர்ம்கார்ட் போனில் சிரிக்கிறாள். "மலையப் பாக்கப் போறியா, மேஜையப் பாக்கப் போறியாக்கா?"

ஜனவரி 12

மூன்றாவது விடுதிக்கே போன் செய்தேன்.

"எத்தனை பேருங்க?"

"ரெண்டு."

நான் சொல்லவில்லை, வாய் சொன்னது. திருத்த மனம் வரவில்லை.

ஜனவரி 13

கூட வரச் சொல்லி இர்ம்கார்டைக் கெஞ்சினேன். "பனியில கால ஒடச்சுக்க நான் வரல. உன் பொய்ய நீயே கூட்டிட்டுப் போ," என்றுவிட்டாள்.

பிப்ரவரி 8, விடுதி

அருமையான மேஜை. ஜன்னலோரம், மெழுகுவர்த்தி, இரண்டு தட்டு.

"சார் வராருங்களா?" என்றார் பரிமாறும் கிலியான்.

"களைச்சுப்போய்த் தூங்குறார்."

பிப்ரவரி 9

இன்று அவருக்குக் காய்ச்சல் என்று சொல்லித் தொலைத்தேன். அறைக்கே வந்துவிட்டது, ஈரல் உருண்டை சூப்! கூடவே மூலிகைத் தேநீர், தேன். எல்லாவற்றையும் நானே தீர்த்தேன். நிஜமாக இருந்த புருஷனைக்கூட இப்படி யாரும் கவனித்ததில்லை.

பிப்ரவரி 10

"டாக்டர வரச் சொல்லட்டுமா மேடம்?" என்று கிலியான் கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது. இதற்குமேல் முடியாது.

"சாருன்னு யாருமே இல்ல கிலியான். நான் தனியாத்தான் வந்தேன்."

"அப்ப அந்த சூப்பு?"

"நான்தான் குடிச்சேன். நல்லா இருந்துச்சு."

"அப்ப இன்னொண்ணு கொண்டு வரேன்," என்று எதிர்த் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

எதிர் நாற்காலியைப் பார்த்தேன். ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்தது அதுதான். மூன்று இரவும் நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்! யாரும் சொல்லவில்லை. நானாகத்தான். எங்கே போனாலும் மலை கெர்னோட்டுக்கு, சுவர் எனக்கு, அப்படியே பழகிவிட்டது. கோபம் வந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது.

எழுந்து இடம் மாறினேன். நிலா வெளிச்சத்தில் மலை முழுவதும் தெரிந்தது. சூப் ஆறிப்போனது.

பிப்ரவரி 15

கிளம்பும்போதே அடுத்த வருடத்துக்கும் சொல்லிவிட்டேன்.

"எத்தனை பேருங்க?"

"ஒருத்திதான். ஜன்னலப் பாத்த நாற்காலி."