எல்லைக் கடையில் வைக்காமல் வந்த கத்தி

நண்பனுக்கு என்று தொடங்க எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நேற்று உடுமலைப்பேட்டையிலிருந்து திருப்பூர் வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு மரமேறி உட்கார்ந்திருந்தான். இடுப்பில் மரப்பெட்டி, அதில் பாளை சீவும் கத்தி. புளித்த கள்ளின் வாசனை பின்சீட்டு வரைக்கும் வந்தது. அவனை ஒட்டி உட்கார்ந்திருந்தவர் ஒரு போலீஸ்காரர். "ஏனுங்க, அந்தப் பொட்டியக் கொஞ்சம் கழட்டி வையுங்க, விலாவுல குத்துது" என்றார். அவன் கழற்றிக் காலடியில் வைத்தான். பிறகு இருவரும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

உனக்குச் சேதி தெரியாது. நீ போய்ச் சேர்ந்த ஏழாம் மாதம் நம் பக்கத்திலும் கள்ளுக்கடையைத் திறந்துவிட்டார்கள். லைசன்ஸ் வாங்கியவன் மரம் ஏறலாம், கத்தியோடு கடைவீதியில் நடக்கலாம், போலீஸ்காரர் பக்கத்திலேயே உட்காரலாம். இன்னும் ஏழு மாதம் இருந்திருந்தாலும் உனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்பது வேறு விஷயம். உன் வலது மணிக்கட்டை வைத்துக்கொண்டு நீ எந்த மரத்தில் ஏறியிருப்பாய்?

நாம் இரண்டு பேரும் உடுமலைக்குத் தெற்கே ஒரே தோப்பில் தேங்காய் பொறுக்கி வளர்ந்தவர்கள். நான் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தேன். நீ ஏறத் தெரிந்தவன். மதுவிலக்கு இருந்த நம் பக்கம் உனக்கு வேலை இல்லாததால் எல்லை தாண்டி மலையாளச் சீமைச் சித்தூருக்குப் போனாய். அங்கே உன் மரங்களுக்கு நம்பர் உண்டு, உன் பெயர் ரிஜிஸ்டரில் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் உடுமலை பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரும் சந்தித்து ஊருக்கு நடந்து போவோம். சில ஞாயிறுகளில் நான் உன் மரத்தடிக்கே வந்து குடித்ததும் உண்டு. என் முதலாளி கதர் கட்டி, மதுவிலக்குக் கூட்டங்களில் மேடையேறிப் பேசுவார். நான் கீழே உட்கார்ந்து பலமாகக் கை தட்டுவேன்.

கத்தியைப் பற்றிய சட்டத்தை எனக்கு ஒரு வரியில் சொன்னவன் நீதான். "மாப்ளே, வரப்புக்கு அந்தப் பக்கம் இது சோறு, இந்தப் பக்கம் கேசு." கள் இறக்கும் கருவி கையில் இருந்தாலே நம் பக்கம் வழக்கு. அதனால் சித்தூரில் வேலை செய்த நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் சனிக்கிழமை எல்லையோர டீக்கடையில் கத்தியை வைத்துவிட்டு வருவார்கள். கடைக்காரர் ஒரு கூடையில் போட்டு உத்தரத்தில் தொங்கவிடுவார். எது யாருடையது என்று தெரிய ஒவ்வொருவனும் பிடியில் ஒரு துணியைச் சுற்றியிருப்பான். உன் கத்தியில் இருந்தது நான் கொடுத்த பனியன் துண்டு. ஆறு வருஷம் நீ ஒரு சனிக்கிழமையும் தவறியதில்லை.

தவற வைத்தவன் நான். எங்கள் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் வேலை காலியாயிற்று. திங்கட்கிழமை எங்களில் மூன்று பேரை வெட்டச் சொல்லிப் பார்த்து ஒருவனை எடுப்பதாக முதலாளி சொன்னார். பனியன் துணியை அடுக்கடுக்காகப் போட்டுக் கத்திரிக்கோலால் கழுத்து வளைவு வெட்டினால் அடித்துணி நழுவிவிடும். பாளையை மெல்லிசாகச் சீவும் உன் கத்தி வளைவுக்கென்றே பிறந்தது மாதிரி எனக்குப் பட்டது. அது போல ஒன்று வேண்டும் என்று உன்னிடம் கேட்டேன். புதிதாக ஒன்று அடிக்கக் கொல்லன் ஒரு மாதம் கேட்கிறான் என்றாய். எனக்குப் பொறுமை இல்லை. நீ, "என்ற கத்தியையே கொண்டாறேன். திங்கக்கெழம ஒரு நாளு கொல்லங்கிட்ட இரவல் வாங்கிக்கறேன். செவ்வாக்கெழம என்ற கைக்கு வந்தரோணும்" என்றாய். அடுத்த சனிக்கிழமை உடுமலை பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ் வரைக்கும் நின்றேன். நீ வரவில்லை. மறதிக்காரன் என்று உன்னைத் திட்டிக்கொண்டே ஊருக்கு நடந்தேன்.

திங்கட்கிழமை காலை கம்பெனி வாசலில் சப் இன்ஸ்பெக்டரும் ஒரு கான்ஸ்டபிளும் வந்து நின்றார்கள். நடுவில் கைவிலங்கோடு நீ. வலது கை வீங்கியிருந்தது. எல்லையில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டபோது கத்தி அகப்பட்டதாம். அதே பஸ்ஸில் உன் எதிர் சீட்டில் முழ நீள அரிவாளோடு இருந்த தோட்டக்காரரை ஒருவரும் கேட்கவில்லையாம். அரிவாள் விவசாயத்துக்கு, உன் சாண் கத்தி கள்ளுக்கு. கள்ளுக்கில்லை, பனியன் வெட்டத்தான் என்று நீ சாதித்ததால், மெய்யா பொய்யா என்று பார்க்க அத்தனை தூரம் கூட்டி வந்திருந்தார்கள். நான் ஒரு வாக்குமூலம் கொடுத்தால் விட்டுவிடுவதாகச் சப் இன்ஸ்பெக்டர் சொல்லவில்லை. யோசிப்பதாக மட்டும் சொன்னார்.

"ஏனுங்க, இந்த ஆளத் தெரியுங்களா? உங்களுக்குப் பனியன் வெட்டத்தான் கத்தி கொண்டு வந்தேங்கறான்."

முதலாளி என் பக்கத்தில் நின்றிருந்தார். "நம்ம கம்பெனில கத்திரிக்கோலுதானுங்களே. கத்தி எதுக்குங்க?" என்றார்.

அவர் கேட்டது என்னைத்தான். வெட்டுமேசையில் மூன்று அடுக்கு துணி விரித்துத் தயாராக இருந்தது. என் அக்காவின் கல்யாணம், அம்மாவின் வைத்தியம் என்று பிற்பாடு எத்தனையோ காரணம் சேர்த்துக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் அவை ஒன்றும் நினைவில் இல்லை. அந்த மேசை எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

"தெரியாதுங்க" என்றேன்.

நீ "மாப்ளே" என்றாய். ஒரே ஒரு தரம். சப் இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்கள மாப்ளேங்கறான்?"

"மரமேறிக எல்லாத்தையும் அப்படித்தானுங்க கூப்புடுவாங்க" என்றேன். இது தேவையே இல்லை. தெரியாது என்று சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். கான்ஸ்டபிள் சிரித்தார், முதலாளியும் சிரித்தார், கூட நானும் சிரித்தேன்.

உனக்கு மூன்று மாதம் கிடைத்தது. மணிக்கட்டை யாரோ பூட்ஸ் காலால் மிதித்தது கோர்ட்டில் ஒரு பேச்சாகவே வரவில்லை. நீ திரும்பியபோது சித்தூரில் உன் மரங்களை வேறொருவன் ஏறிக்கொண்டிருந்தான். நான் அந்தத் திங்கட்கிழமை மத்தியானமே கத்திரிக்கோலால் வெட்டிக் கட்டிங் மாஸ்டர் ஆகிவிட்டேன். உன் கத்தி தேவைப்படவே இல்லை என்பதை உன்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஒரு தரம் டவுனில் வேலைநிறுத்தம் நடந்தபோது, ஆயுதம் எடுத்துக்கொண்டு ரோட்டில் போகக்கூடாது என்று தடை உத்தரவு போட்டார்கள். என் முழங்கை நீளக் கத்திரிக்கோலைச் சாணை பிடிக்கப் பல்லடத்துக்கு எடுத்துப் போகிறேன், டவுன் எல்லையில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். அங்கிருந்து பத்தடி தள்ளி உத்தரவு கிடையாது. கம்பெனி பெயரைச் சொன்னதும் போகச் சொல்லிவிட்டார். எந்த ஊர், யார் கை என்று பார்த்துவிட்டுத்தான் சட்டம் இரும்பைப் பார்க்கிறது. அன்றைக்கு உன்னை நினைத்துக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். நினைக்கவில்லை.

பிறகு நீ வீரபாண்டி சலவைப் பட்டறைக்கு வேலைக்கு வந்து சேர்ந்தாய். வெளுத்த துணி மூட்டையை வண்டியில் போட்டு எங்கள் கம்பெனிக்குக் கொண்டு வருவது உன் வேலையாயிற்று. முதல் நாள் நேராக என் மேசைக்கு வந்து, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாய்.

"ஏனுங்க, இங்க கட்டிங் மாஸ்டர் யாருங்க?"

"நாந்தானுங்க" என்றேன். வேறென்ன சொல்ல.

"அப்படீங்களா. தெரியலீங்க. மன்னிச்சுக்கோங்க."

அடுத்த வாரமும் கேட்டாய். அதற்கடுத்த வாரமும். எட்டு வருஷம், வாரத்துக்கு ஒரு தரம், அதே மரியாதையோடு அதே கேள்வி. தையல்காரர்கள் உனக்கு மூளை கொஞ்சம் பிசகு என்று நினைத்தார்கள். நீ வாசலில் நுழைந்தாலே, "மாஸ்டர், உங்க மறதிக்காரர் வந்துட்டாருங்க" என்று கேலி செய்வார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேலி நின்றிருக்கும். உன்னைப் பைத்தியமாக்கிவிட்டு நான் மாஸ்டராகவே இருந்தேன்.

ஒரு தீபாவளிக்கு வேட்டியும் பலகாரமும் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். நீ பாய் விரித்து உட்கார வைத்தாய், சொம்பில் தண்ணீர் கொடுத்தாய். "எந்த ஊருங்க உங்களுக்கு? அப்பா அம்மா இருக்கறாங்களா?" என்று விசாரித்தாய். என் அப்பா செத்தபோது பாடை தூக்கியவன் நீ. உன் மனைவியைப் பார்த்து, "நீயாச்சும் சொல்லம்மணி" என்றேன். எனக்கு எத்தனையோ நாள் சோறு போட்ட பிள்ளை. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அவருக்கே தெரியலைன்னா எனக்கு எப்படிங்க தெரியும்" என்றாள். வேட்டியை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தாய்.

நீ நல்லவன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் சொல்லமாட்டேன். நான் உன்னை ஒரு நாள் கொன்றேன். நீ என்னை வாராவாரம் கொன்றாய், அதுவும் கும்பிட்டுக் கொன்றாய். நீ நெஞ்சடைத்துச் செத்தாய் என்று வண்டிக்காரர் வந்து சொன்னபோது எனக்கு முதலில் தோன்றியது, இனி அந்தக் கேள்வி இல்லை என்பதுதான். அழுகை இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. உன் எழவு வீட்டில் ஒரு பெரியவர், "நீங்க என்ன வேணுமுங்க அவருக்கு?" என்று கேட்டார். உன் மனைவி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "கம்பெனிக்காரங்களா இருக்குமுங்க" என்றாள்.

இத்தனை வருஷமும் ஒரே ஒரு ஆறுதலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்று நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் யார் நம்பியிருப்பார்கள்? பனியன் வெட்டக் கள்ளுக்கத்தி என்றால் எந்தப் போலீஸ் நம்பும்? உன்னோடு என்னையும் சேர்த்து உள்ளே தள்ளியிருப்பார்கள். இதைச் சொல்லிச் சொல்லித்தான் தூங்கினேன்.

நேற்று குடிமங்கலத்தில் பஸ் நின்றபோது அந்த மரமேறியும் போலீஸ்காரரும் பேச்சு மும்முரத்தில் சேர்ந்தே இறங்கிப் போய்விட்டார்கள். பஸ் கிளம்பி வெகுதூரம் வந்த பிறகுதான், அந்தச் சீட்டில் புதிதாக ஏறி உட்கார்ந்த வேறொரு போலீஸ்காரர் காலில் பெட்டி தட்டியது. கத்தியை எடுத்துத் திரும்பிப் பார்த்து, "இது யாருதுங்க?" என்றார்.

இறங்கிப் போனவனுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். "என்னுதுங்க" என்றேன்.

அவர் என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். "லைசன்ஸ் இருக்குதுங்களா? கள்ளுக்கத்தியாட்டம் இருக்குதே."

"இல்லீங்க. பனியன் வெட்டறதுக்குங்க. கழுத்து வளைவு வெட்ட."

"அப்படீங்களா" என்றார். ஒரு கேள்வி கேட்கவில்லை. பெட்டியை நீட்டி, "பத்தரமா வையுங்க, கையில பட்டுறப் போகுது" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நம்பிவிட்டார். மூச்சு விடும் நேரத்தில் நம்பிவிட்டார். இப்போது அந்தக் கத்தி என் வெட்டுமேசை மேல் கிடக்கிறது. பிடியில் நீலக் கைத்தறித் துண்டு சுற்றியிருக்கிறது. இன்று காலை குடிமங்கலம் பக்கம் எங்கோ ஒருவன் வெறுங்கையோடு மரத்தடியில் நின்றிருப்பான். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவன் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. தேடிக் கண்டுபிடித்தால் நீங்கள் யார் என்று கேட்பான்.